எடுத்த கல்லைக் கீழே வைக்காதவர்

வெள்ளை மாஸ்ரர் தன்னுடைய நாட்டுக்குத் திரும்பப் போகிறாராம் என்ற கதை பரவியபோது, எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் "ஏன் போறார்?" என்று கேட்கவில்லை. "என்னத்தைக் கொண்டு போகப்போறார்?" என்றுதான் கேட்டார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் கதைக்க எனக்கு வராது. மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. நெடுந்தீவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்க, சம்பளம் வாங்காமல், தொண்டுக்கு வந்த மனிதர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நெடிய உடம்பு. வெயிலில் அவித்த இறால்போலச் சிவந்த கழுத்து. ஒரு மேசனுக்கு இருக்கவேண்டிய பெரிய கைகள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் தனியே இருந்தார். அவருக்குத் தமிழ் பழக்கியது சின்னப் பிள்ளைகள். அதனால் பிள்ளைகள் கூப்பிடுவதைப்போல அவரும் என்னை "அன்ரி" என்றே கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். முதல்முதல் அப்படிக் கூப்பிட்டபோது சோற்றுச் சட்டியை மூடிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நக்கல் அடிக்கிறார் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பது என் தொழில். விடிய எழும்பி வீட்டில் சமைப்பேன். இவர் அதை லான்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். (இவர் என்றால் என்னுடைய மனிசன்.) வெள்ளை மாஸ்ரரும் சாப்பாட்டுக் கோப்பையோடு பிள்ளைகளின் வரிசையில் நிற்பார். பருப்பென்றாலும் "நல்லம்", கீரையென்றாலும் "நல்லம்". எல்லாமே நல்லமாக இருக்கிற ஒரு மனிதரை எப்படி நம்புவது?

அவருக்கு ஒரு குணம் இருந்தது. விழுந்து கிடக்கிற கல்லை விட்டுவிட்டுப் போக அவரால் ஏலாது.

எங்கள் தீவில் வேலி என்றால் கல்வேலி. முருகைக்கற்களைச் சீமெந்தோ சாந்தோ இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக நெஞ்சளவுக்கு அடுக்கியிருப்பார்கள். மாடு உரசினாலும் மழை கழுவினாலும் அங்கங்கே சரியும். ஆட்கள் இருக்கிற வளவென்றால் எடுத்து வைப்பார்கள். இங்கே பாதி வளவுகளின் சொந்தக்காரர் வெளிநாட்டில். கற்கள் விழுந்தபடியே கிடக்கும். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போய்ப் பழகிவிட்டோம்.

அவர் பழகவில்லை. பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்குவார். சரிந்த இடத்தில் குந்துவார். வேலியை விரலால் தட்டுவார், உள்ளே பாம்பு இருந்தால் எழும்பிப் போகட்டும் என்று. பிறகு ஒரு கல்லை எடுப்பார். அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பார், ஆடும். எடுத்து வேறு பக்கம் வைத்துப் பார்ப்பார். எடுத்த கல்லை அவர் திரும்பக் கீழே போட்டதை நான் கண்டதே இல்லை. அதற்கு ஓரிடம் கிடைக்கும்வரை அதைப் பிள்ளையைப்போல ஏந்திக்கொண்டு வேலி நெடுக நடப்பார். கடைசியில் எங்கேயோ ஒரு பொந்தில் அது போய் இருந்துவிடும். பிறகு அசைக்க ஏலாது. இவர் ஒருமுறை காலால் உதைத்துப் பார்த்துவிட்டுப் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வகுப்பு வாசலில் பிள்ளைகள் கழற்றிப்போட்ட செருப்புகளைச் சோடி சேர்த்து வைப்பார். சாய்ந்து நிற்கிற சைக்கிளை நிமிர்த்தி வைப்பார். அது யாருடையது என்று பார்க்க மாட்டார். யாருடையதென்று பாராமல் கை வைக்கிற பழக்கம் இங்கே ஒருவருக்கும் இல்லை. இங்கே ஒரு கல்லென்றாலும் அது யாரோ ஒருவருடைய கல்.

"உவர் புதையல் தேடுறார் பிள்ளை," என்றார் முன்வீட்டுப் பரமேசக்கா. "ஒல்லாந்தன் போகேக்க தாட்டுப்போட்டுப் போனதெல்லாம் உந்த வேலியளுக்குள்ளதானாம். வேலி கட்டுற சாட்டில தடவிப் பாக்கிறார்."

"ஒல்லாந்தன் தாட்டதை இவர் ஏன் எடுக்கிறது அக்கா? இவர் வேற நாடெல்லோ?"

"எல்லாம் ஒரே சாதி வெள்ளைதான். வரைபடம் கைமாறியிருக்கும்."

புதையல் கதை கொஞ்சக் காலம் ஓடியது. பிறகு பெரிய ஹொட்டேல் ஒன்றுக்குக் காணி பார்க்க வந்தவர் என்ற கதை. பிறகு, கோயிலுக்கும் வருவதில்லை, சேர்ச்சுக்கும் போவதில்லை, அப்படியென்றால் அவர் எந்தப் பக்கம் என்ற கதை. தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் குடித்ததுகூட ஒரு கதையானது. ஊரில் ஏதோ செய்துவிட்டுத்தான் இந்த வயதில் ஒளித்து வந்திருக்கிறார் என்று பரமேசக்கா முடிவு கட்டினார். "சும்மா இருந்த மனிசன் கப்பலேறி வந்து மற்றவன்ர வேலியைக் கட்டுமோ?" என்று கேட்பார்.

இவருக்குத்தான் அவரில் ஒரு பிரியம். ஒருநாள் படலையடியில் மறித்து, "மாஸ்ரர், நீங்கள் லண்டனோ?" என்று கேட்டார்.

"லண்டன் இல்லை," என்றார் அவர். குந்தியிருந்து மண்ணில் தன்னுடைய நாட்டைக் கீறினார். நீளமான ஒரு தீவு. அதன் மேல்பக்கத்தில் விரலை ஊன்றி, "செம்மறி. மழை. கல்லு," என்றார்.

"எங்கட துரை அண்ணையும் லண்டனிலதான். பக்கத்து வளவு. தெரியுமோ?"

"ஓம், ஓம்," என்றார்.

இந்த ஓம் எனக்கு நெஞ்சில் தைத்தது. லண்டன் என்ன, ஒரு ஊர்தானே. அங்கே இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் தெரியாமலா இருப்பார்கள்? விளங்காத எதற்கும் அவர் ஓம் சொல்லுவார் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

நெஞ்சில் தைத்ததற்குக் காரணம் தண்ணீர். எங்கள் வளவுக் கிணற்றில் சவர்த் தண்ணீர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், சமைக்க ஏலாது. துரை அண்ணையின் வளவுக் கிணறு நல்ல தண்ணீர். அவர்கள் லண்டனுக்குப் போனபிறகு அந்த வளவில் ஆளில்லை, படலையில் சங்கிலிப் பூட்டு. நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது இரண்டு வளவுக்கும் நடுவில் இருக்கிற வேலியில் ஓரிடம் சரிந்து, ஒரு ஆள் போய்வரக்கூடிய பொட்டு விழுந்து கிடந்தது. யார் சரித்ததென்று தெரியாது. அந்தப் பொட்டுக்குள்ளால் போய்த்தான் நான் தண்ணீர் அள்ளுவேன். பிள்ளைகளின் சோறு அந்தத் தண்ணீரில்தான் வெந்தது. துரை அண்ணை வீட்டாரிடம் நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் மறிக்கவுமில்லை. விழுந்து கிடக்கிற பொட்டுக்கு ஒருவரும் பொறுப்பில்லை. அதனால் அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

ஒருமுறை தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணமென்று யாழ்ப்பாணம் போய்ச் சில நாட்கள் நின்றேன். திரும்பி வந்து, வாளியை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனால், பொட்டு இல்லை.

கற்கள் நெஞ்சளவுக்கு ஏறி நின்றன. ஒரு விரல் நுழைய இடமில்லை. அப்படி ஒரு வேலையை நான் இந்தத் தீவில் கண்டதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது: நீளமான சில கற்கள் வேலிக்கு வெளியே துருத்திக்கொண்டு, ஒன்றைவிட ஒன்று உயரமாகச் சாய்வாகப் போயின.

"இஞ்சேருங்கோ, ஆர் இதைக் கட்டினது?"

"ஏன், மாஸ்ரர்தான்," என்றார் இவர். "பின்னேரம் பின்னேரமா வந்து கட்டினவர். நான் தேத்தண்ணியும் குடுத்தனான். நீர்தான் சொல்லிவிட்டதெண்டு நினைச்சன்."

"என்ர வாயால ஆரிட்டயாவது ஏதும் சொல்லிக் கண்டிருக்கிறீங்களோ?"

இவர் தலையைச் சொறிந்தார். பிறகு ஈரச் சட்டையைக் கழற்றி, துருத்திக்கொண்டு நின்ற கல்லொன்றில் கொழுவினார். "நல்ல கொழுவி," என்றார்.

பரமேசக்கா வந்து பார்த்தார். கொழுவி என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இது குறி பிள்ளை. எல்லைக் குறி. துரை சொல்லித்தான் உவர் செய்திருக்கிறார். காணியை விக்கப்போறாங்கள் போல. நீ கை வைச்சிராதை. விழுந்தது வேற, விழுத்தினது வேற. ஒரு கல்லை எடுத்தாலும் கோடு கச்சேரி எண்டு அலைய வேண்டி வரும்." சொல்லிவிட்டுத் தன்னுடைய போனில் அந்தக் கற்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் சொன்னது சரி. இங்கே ஒருவருடைய வேலியில் கை வைத்தவர் தப்பியதில்லை. அதுவும் வெளிநாட்டில் இருப்பவர்களின் காணி. தங்களுடைய மண்ணை யாரோ பிடிக்கிறார்கள் என்ற பயத்தோடே அவர்கள் அங்கே படுத்தெழும்புகிறார்கள். நான் கை வைக்கவில்லை.

கொஞ்ச நாளில் லண்டனில் இருந்து சறோ அக்கா போன் எடுத்தார். துரை அண்ணையின் மனைவி. தைப்பொங்கலுக்கும் வருசப்பிறப்புக்கும்தான் வழமையாக எடுப்பார்.

"வேலி கட்டுப்பட்டிட்டுதாம்? படம் பாத்தனாங்கள். நல்ல வடிவாக் கிடக்கு. இவருக்குச் சரியான சந்தோசம். இனி ஒருத்தரும் உள்ளுக்கு வந்துபோகேலாதெல்லோ."

"ஓம் அக்கா," என்றேன்.

அந்தப் படத்தைப் பரமேசக்காதான் கனடாவில் இருக்கிற மகளுக்கு அனுப்பி, அது அங்கிருந்து லண்டனுக்குப் போனது என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியாது. மாஸ்ரர்தான் அனுப்பியிருக்கிறார் என்றே நம்பினேன். கட்டிவிட்டு, கட்டியதற்குச் சாட்சியும் அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் "அன்ரி" என்று கோப்பையை நீட்டினால், முகம் பாராமல் சோற்றைப் போட்டேன்.

தண்ணீருக்கு இவர் லான்ட்மாஸ்ரரில் கான்களை அடுக்கிக்கொண்டு தூரத்துக் குழாயடிக்குப் போனார். அங்கே வரிசை. தண்ணீர் பவுசர் லொறி வருகிற நாளில் பவுசர்த் தண்ணீர். இரண்டும் இல்லாத நாளில் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தேன். சோறு நிறம் மாறியது. பருப்புக்கு உப்பே தேவைப்படவில்லை. பிள்ளைகள் பொய் சொல்லமாட்டார்கள். "அன்ரி, சோறு கடல் மாதிரிக் கிடக்கு" என்று ஒருத்தி முகத்தைச் சுழித்தாள். பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளையள் சாப்பாட்டைக் கொட்டுதுகள். உங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்கோ, வேற ஆளைப் பாப்பம்," என்று மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்தச் சமையலை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

வெள்ளை மாஸ்ரர் போகிற கதை பரவியது இந்த நாட்களில்தான். அவருடைய காலம் முடிகிறதாம், அடுத்த கிழமை போகிறாராம். செய்யவேண்டியதைச் செய்துவிட்டார், போகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார். கோப்பையைப் பார்த்தார். வழமையான "நல்லம்" வரவில்லை. எழும்பி என்னிடம் வந்தார்.

"அன்ரி. தண்ணி... வேற தண்ணி?"

நான் சட்டியை வழித்துக்கொண்டு நின்றேன்.

"அந்தக் கிணறு. நல்ல தண்ணி. ஏன் போகேல்லை?"

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. அகப்பையைச் சட்டிக்குள் போட்டேன். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்கள்தானே அடைச்சனீங்கள்!" என்றேன். "துரை அண்ணை சொல்லி, வந்து அடைச்சுப்போட்டு, இப்ப ஏன் போகேல்லை எண்டு கேக்கிறீங்களோ?"

அவர் கண்ணைச் சிமிட்டினார். "துரை அண்ணை... ஆர்?"

நடிக்கிறார் என்றுதான் முதலில் பட்டது. ஆனால் நடிக்கிற ஆளுக்கு நெற்றி அப்படிச் சுருங்காது. அவர் தன் இடது கையை நீட்டி, வலது கையின் இரண்டு விரல்களைக் கால்களாக்கி, முழங்கையிலிருந்து தோள்வரை ஒவ்வொரு படியாக ஏற்றிக் காட்டினார். எனக்கு விளங்கவில்லை. பின்னேரம் எங்கள் வீட்டுக்கே வந்தார். நேரே வேலியடிக்குப் போனார். அங்கே கொழுவியிருந்த இவருடைய சட்டையை எடுத்து மடித்துக் கொடியில் போட்டார். துருத்திய முதல் கல்லில் காலை வைத்தார். அடுத்த கல்லில் மற்றக் காலை வைத்தார். அடுத்ததில், அடுத்ததில். வேலிக்கு மேல் ஒருமுறை நிமிர்ந்து நின்றார். அந்தப் பக்கமும் அதேபோலக் கற்கள் இருந்திருக்கின்றன. இறங்கி, துரை அண்ணையின் வளவுக்குள் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயோ, கள்ளன் ஏறிறமாதிரி ஏறிறாரே மனிசன்!" என்று ஒழுங்கையில் இருந்து பரமேசக்கா கத்தினார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவை படிகள். அவருடைய ஊரில் வேலிக்கு அப்படித்தான் படி வைப்பார்களாம். துரை அண்ணையின் கிணற்றுக்குச் சுற்றிவரக் கட்டு இல்லை. எங்களுடைய மாட்டுக்கண்டு பொட்டுக்குள்ளால் ஓடிக் கிணற்றடிக்குப் போக, நான் வாளியைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு துரத்தியதை அவர் ஒருநாள் கண்டிருக்கிறார். மாட்டுக்கண்டு போகக்கூடாது, நான் போகவேண்டும். அதற்குத்தான் அந்த வேலை. சொல்லத் தெரியவில்லை, செய்துவிட்டார்.

அவர் திரும்ப ஏறி இறங்கி வந்தார். நான் என்ன சொல்லுவது? நான் வீட்டில் போடுகிற சோட்டிச் சட்டையோடு, கையில் தண்ணி வாளியோடு, ஊர் பார்க்க, இன்னொருவருடைய வேலியில் ஏறுவதா? பொட்டுக்குள்ளால் போனால் அயலவள் போகிறாள் என்று இருப்பார்கள். ஏறிப் போனால் களவுக்குப் போகிறாள் என்பார்கள். தண்ணீர் ஒன்றுதான், கிணறும் ஒன்றுதான். ஆனாலும் அது வேறு, இது வேறு.

"மாஸ்ரர், இஞ்சை வேலி ஏறிறது கள்ளர்," என்றேன். "நான் ஏறேலாது."

இவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாஸ்ரர் சிரிக்கவில்லை. அவருடைய சிவந்த கழுத்து இன்னும் சிவந்தது. முதல் படியில் குந்தி, தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறந்து விடுங்கோ," என்றேன். அப்படி ஒன்றை ஒருவரிடம் நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"பாப்பம்," என்றார்.

இந்தச் சொல்லை அவர் எங்களிடம்தான் பழகினார். எங்களிடத்தில் பாப்பம் என்றால் நடவாது என்று அர்த்தம். எழும்பிப் போனார். கட்டியதைக் குலைக்கிற ஆளில்லை அவர் என்று இவரும் சொன்னார். எடுத்த கல்லையே கீழே வைக்காத மனிதர், வைத்த கல்லை எடுப்பாரா?

பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை வைத்தார்கள். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். அதிபர் பேசினார். சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, வடையும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். அடுத்த நாள் காலைப் படகுக்கு அவர் போகவேண்டும். நான் பின்வரிசையில் நின்று பார்த்துவிட்டு, கான்களைக் கழுவ வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் படலை திறந்தது. அவர்தான். மாலையைக்கூடக் கழற்றவில்லை. நேரே வேலியடிக்குப் போய், மேல் கல்லை எடுத்தார். எடுத்து, மண்ணில் வைத்தார்.

அடுத்ததை எடுத்தார். பெரிய கல்லை ஒரு பக்கம், சின்னக் கல்லை ஒரு பக்கம், நீளக் கற்களைத் தனியே. ஊர் கூடிவிட்டது. ஒழுங்கை நெடுக ஆட்கள்.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் பரமேசக்கா. "உள்ளுக்கு ஏதோ வைச்சுக் கட்டியிருக்கிறார். போகமுந்தி எடுத்துக்கொண்டு போகப்போறார். பாத்துக்கொண்டிருங்கோ."

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு கல் எழும்பும்போதும் கழுத்துகள் நீண்டன. ஒரு தேள் வந்தது. அடுத்த கல்லுக்குக் கீழே காய்ந்த பனையோலைத் துண்டு கிடந்தது. அடியில் மண் தெரிந்தபோது, "எங்கை?" என்று யாரோ ஏமாந்த குரலில் கேட்டார்கள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அன்ரி, வாளி."

வாளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை. பொட்டின் நடுவில் என்னை நிற்கச் சொன்னார். வாளியைப் பிடித்தபடி, ஊர் முழுவதும் பார்க்க, நான் அங்கே நின்றேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. தையல்காரனைப்போல இரண்டு பக்கமும் கையால் அளந்தார். "கொஞ்சம் கூட வையுங்கோ மாஸ்ரர், புட்டும் சம்பலும் இன்னும் உள்ளுக்குப் போகும், ஆள் பெருக்கும்," என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, குனிந்துகொண்டேன்.

பிறகு நீளக் கற்களை, படியாக வைத்தவற்றை, இரண்டு பக்கத்துக்கும் தூணாக நிறுத்தினார். மற்றவற்றை அவற்றோடு சேர்த்துப் பூட்டினார். ஒரு ஆள் வாளியோடு கொஞ்சம் சாய்ந்து போகலாம். மாட்டுக்கண்டு போக ஏலாது. வெளிச்சம் போகமுந்தி முடித்துவிட்டார். மிஞ்சிய கற்கள் கொஞ்சம் கிடந்தன. ஒன்றை எடுத்து, திருப்பிப் பார்த்து, அதற்கு எங்கேயும் இடம் கிடைக்காமல், கீழே வைத்தார். வைத்துவிட்டு அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கைகளில் கல் கீறி இரத்தம். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். சவர்த் தண்ணீர்தான். குடித்துவிட்டு, "நல்லம்," என்றார்.

படகுக்கு நான் போகவில்லை. இவர் போனார். பையைத் தூக்கிக் கொடுத்தவரும் இவர்தான். "ஒரு பாரமும் இல்லை," என்று வந்து சொன்னார். பரமேசக்கா நம்பவில்லை. புதையலை முதலே அனுப்பியிருப்பார் என்றார். கட்டியதைத் தானே உடைத்தது, போகிற நேரத்தில் மூளை பிசகியதால் என்று வேறு சிலர் சொன்னார்கள். ஊருக்கு அது வசதியான கதை. ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை.

ஆனாலும் நான் உடனே அந்த வாசலால் போகவில்லை. சறோ அக்காவின் போன் வரும் என்று தெரியும். வந்தது.

"என்ன பிள்ளை, வேலியில வாசல் வைச்சுக் கிடக்காம்?"

"ஓம் அக்கா."

"விழுந்த பொட்டெண்டால் விழுந்ததெண்டு விடலாம். உது தூண் நட்டுக் கட்டின வாசலெல்லோ. நாளைக்கு அது பாதை எண்டு ஆரும் சொல்ல மாட்டினமோ? ஆர் உதைக் கட்டச் சொன்னது?"

இவர் எனக்கு முன்னால் நின்று கையைக் காட்டினார். "மாஸ்ரர் தன்ர பாட்டில செய்ததெண்டு சொல்லும். அந்தாள் போயிட்டுதுதானே," என்று வாயசைத்தார். சொல்லியிருக்கலாம். கடலுக்கு அப்பால் இருக்கிற ஒருவர்மேல் எதையும் போடலாம். ஊர் முழுவதும் அதைத்தானே செய்தது.

"நான்தான் கேட்டனான்," என்றேன்.

"நீரோ?" அவர் குரலில் நம்பிக்கை இல்லை. "அந்த மனிசன் உமக்கென்ன சொந்தமோ, கேட்ட உடன கட்டினதை உடைச்சுச் செய்து தர?"

"சொந்தமில்லை அக்கா. அயல்."

அந்தப் பக்கத்தில் எங்கேயோ குழாய் திறந்து தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீங்களும் அயல்தானே," என்றேன். தொடங்கியதை என்னால் நிறுத்த முடியவில்லை. "உங்கட கிணத்துத் தண்ணியிலதான் பிள்ளையளுக்குச் சோறு வைக்கிறனான். அது இல்லாட்டி எனக்கு அந்த வேலை இல்லை அக்கா. உங்களைக் கேக்க வெக்கமாக் கிடந்தது. இப்ப கேக்கிறன்."

குழாயை யாரோ பூட்டினார்கள். சறோ அக்கா துரை அண்ணையோடு என்னவோ தாழ்ந்த குரலில் கதைத்தார். விளங்கவில்லை. பிறகு போனுக்குத் திரும்பி வந்தார்.

"அந்தக் கிணத்துக்குக் கட்டில்லை," என்றார். "கவனமா நிண்டு அள்ளும்."